பிரளயம் இல்லாத நாடு

பிரிட்டன் என்ற பெயருடைய நகரம் ஒன்று உண்டு. நாம் பூகோளப் புத்தகத்தில் படித்த தேசம் அன்று அது; அமெரிக்காவில் டெக்ஸஸ் மாகாணத்து ஆஸ்டின் நகரைச் சேர்ந்த ஆரிஜின் என்ற கம்பெனியார் கணிப்பொறிக்குள் சிருஷ்டித்து, 1997-ஆம் ஆண்டு செப்டம்பர் மாதத்தில், மாதச் சந்தா செலுத்துவோர் யாவரும் வந்து குடியேறலாம் என்று வாயிலைத் திறந்துவிட்ட பிரிட்டானியா ராஜ்யத்தின் தலைநகரம். அந்நகரத்துக் காவல் எல்லையைத் தாண்டி, கையில் ஒரு குத்துவாளும் பையில் ஒரு மெழுகுவர்த்தியுமாகக் காட்டுக்குள் புகுந்து, பொழுதெல்லாம் அலைந்து மான் தோல் பத்துப் பன்னிரண்டு உரித்துச் சேர்த்துக்கொண்டு, விற்றால் ஒரு நல்ல சட்டையாவது வாங்கலாம் என்ற நினைப்போடு ஊர் திரும்பும் புதியவன் ஒருவனை மனக்கண்முன் நிறுத்திக்கொள்ளுங்கள். எதிரே குதிரைமேல் இருவர் வருகிறார்கள். ஒருவர் நின்று, ஊருக்குப் புதிதோ என்று பரிவோடு விசாரிக்கிறார். இவன் ஆமென்று தட்டெழுத்துப் பலகையில் தட்டி முடிப்பதற்குள், 'கார்ப் போர்' என்ற மந்திரச் சொற்கள் அவர் தலைக்குமேல் எழுகின்றன. திரை நிறம் மங்கி வெளிறிப்போகிறது. சாம்பல் நிற அங்கி போர்த்திய ஆவியாக நின்று, தன் பிரேதத்தை அவ்விருவரும் குடைந்து தோல்களை எடுத்துக்கொள்வதை அவன் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான். இது என்ன நியாயம் என்று கேட்கலாமென்றால், ஆவிகளின் பாஷை உயிருள்ளோருக்கு விளங்காது என்பது அந்நாட்டு விதி. அவன் எதைத் தட்டினாலும் 'ஊஊ ஊ' என்று மட்டுமே அவர்கள் திரையில் தோன்றும்.

இந்த வழிப்போக்கனின் கதி என்னவாயிற்று என்பதுதான் 'அல்டிமா ஆன்லைன்' என்ற அந்த விளையாட்டின் உண்மைச் சரித்திரம் என்று நான் கருதுகிறேன். அதன் மூலபுருஷராகிய ரிச்சர்ட் கேரியட் 'லார்ட் பிரிட்டிஷ்' என்ற பட்டத்தோடு அங்கே அரசராக வீற்றிருந்ததையும், அதன் கோட்டைகளையும் பாதாளக் குகைகளையும் பற்றி எழுதியவர்கள் பலர். சாலையோரத்தில் மாண்டவனுக்கு நடுகல் எதுவும் இல்லை. இரண்டு மூன்று முறை இப்படிச் செத்தபின், மாதம் 9 டாலர் 95 சென்ட் கொடுத்து எதற்காகச் சாகவேண்டும் என்று அவனுக்குத் தோன்றிவிடும். சொல்லாமல் கொள்ளாமல் போய்விடுவான். பாலைக்கலியில் வரும் ஆறலை கள்வர், கொள்ளையிடப் பொருள் இல்லையென்று தெரிந்தும், வழிச்செல்வோர் துள்ளித் துடிப்பதைக் காணும் இன்பத்துக்காகவே அம்பு தொடுப்பவர்கள். அந்த வேடிக்கை பல நூற்றாண்டுகள் கழித்து, ஒரு தொலைபேசிக் கம்பியின் இரு முனைகளில், முகமறியாத மாணவர்களுக்கும் குமாஸ்தாக்களுக்கும் நடுவே மறுபடி உயிர்பெற்றது விசித்திரமே.

கள்வரின் சுபாவத்தைப் பழிப்பது எளிது. ஆனால் அதைக் காட்டிலும் ஆழமான காரணம் ஒன்று அந்நாட்டின் அமைப்பிலேயே இருந்தது. அதை விளங்கிக்கொள்ளச் சற்றுப் பின்னோக்கிச் செல்லவேண்டும்.

இவ்வகை உலகங்களுக்கெல்லாம் ஆதி, இங்கிலாந்தில் எஸ்ஸெக்ஸ் சர்வகலாசாலையில் 1978-ஆம் ஆண்டில் ராய் டிரப்ஷா என்ற மாணவர் எழுதத் தொடங்கி, பின்னர் ரிச்சர்ட் பார்ட்டில் என்ற மற்றொரு மாணவர் எடுத்து வளர்த்த 'மட்' என்ற விளையாட்டு. சித்திரம் என்பதே அதில் இல்லை. இருட்டான திரையில் வாக்கியங்கள் ஓடும், அவ்வளவுதான். ஆட்டக்காரர்கள் பொக்கிஷங்களைத் தேடிக் கண்டுபிடித்து ஒரு சதுப்பு நிலத்தில் கொண்டுபோய்ப் போட்டால் புள்ளிகள் கிடைக்கும். புள்ளி ஏற ஏற, கத்துக்குட்டி நிலையிலிருந்து படிப்படியாக உயர்ந்து, மந்திரவாதி என்ற உச்சப் பதவியை அடையலாம். அங்கும் மூத்தோர் இளையோரைக் கொல்வது உண்டு. சண்டையில் மாண்டவனின் பாத்திரம் அடியோடு அழிந்துபோகும் என்பதால் பிரிட்டானியாவின் மரணத்தைவிட அது கொடிதுங்கூட. ஆயினும் அவ்வுலகில் பிரளயம் என்ற ஒரு கருணை இருந்தது. சில மணி நேரத்துக்கு ஒருமுறை உலகம் அழிந்து மீண்டும் பிறக்கும். எடுத்துச் சென்ற பொக்கிஷங்களெல்லாம் பழைய இடங்களுக்கே வந்துசேரும். திறந்த கதவுகள் மூடிக்கொள்ளும். மூத்தவனிடம் அவனுடைய புள்ளிகளும் அநுபவமும் தங்குமேயன்றி, உலகத்தின் ஒரு பிடி மண்ணும் அவனுக்குச் சொந்தமாக மிஞ்சாது. நேற்றுப் புகுந்தவனுக்கும் பத்து மாதம் ஆடியவனுக்கும் விடியல் ஒன்றுதான்.

பிரிட்டானியாவில் அந்தப் பிரளயத்தை எடுத்துவிட்டார்கள். எடுத்ததுதான் அதன் புதுமை, அதன் பெருமையும்கூட. நீங்கள் தூங்கும்போதும் அங்கே கடை திறந்திருக்கும். நீங்கள் கட்டிய வீடு நீங்கள் இல்லாதபோதும் நிற்கும். பெட்டியில் வைத்த தங்கம் மறுநாளும் இருக்கும். வாளெடுத்து வீச வீச வாள்வித்தை வளரும், ரொட்டி சுடச்சுடச் சமையல் வித்தை வளரும் என்பது அங்கே கல்வி முறை. ஒருவன் கற்கும் வித்தைகளின் கூட்டுத்தொகை 700-ஐத் தாண்டலாகாது என்று ஓர் உச்சவரம்பு வைத்திருந்தார்கள். ஏழு வித்தைகளில் நூறு நூறாகத் தேர்ந்தவன் முழு மனிதன். அந்த நிலையை எட்ட நாட்கணக்கில் உழைக்கவேண்டும், அல்லது உழைப்பதுபோல் பாவனை செய்யும் ஒரு சிறு நிரலைக் கணிப்பொறியில் ஓடவிட்டுத் தூங்கப்போகவேண்டும். பெரும்பாலோர் பின்னதையே செய்தார்கள் என்பதை ஒளிப்பதற்கில்லை. எப்படியாயினும், முதல் மாதத்தில் வந்தவன் ஆறாம் மாதத்தில் வந்தவனுக்கு மூதாதையாகிவிட்டான்.

திறப்புவிழாவுக்கு முன்பே சகுனம் தெரிந்தது. 1997 ஆகஸ்டு மாதத்தில், வெள்ளோட்டம் நடந்துகொண்டிருந்த காலத்தில், லார்ட் பிரிட்டிஷ் மக்களுக்குக் காட்சி கொடுக்க எழுந்தருளினார். சற்றுமுன் கணிப்பொறி நின்றுபோய் மறுபடி கிளம்பியிருந்தது. அரசருக்கு மரணமில்லை என்ற வரத்தை மீண்டும் இட்டுக்கொள்ள அவர் மறந்திருந்தார். ரெயின்ஸ் என்ற பெயரில் ஆடிய ஒருவர், திருடிய ஓலையிலிருந்து நெருப்பு மந்திரத்தை ஏவ, பிரிட்டானியாவைப் படைத்தவர் தம் பிரஜைகள் முன்னிலையிலேயே மாண்டு விழுந்தார். அதைச் செய்தவர் பின்னர் விலக்கப்பட்டார். கொலைக்காக அன்று, அதற்கு முன்பே நிரற்பிழைகளைத் தெரிவிக்காமல் பயன்படுத்திக்கொண்டதற்காக என்று காரணம் கூறினார்கள். அரசனுக்கே காவல் இல்லாத நாட்டில் மான் தோல் சுமந்து வருபவனுக்கு யார் காவல்?

மான்களும் அதிக நாள் இருக்கவில்லை என்பதையும் இங்கே சொல்லிவிடவேண்டும். அந்நாட்டின் தலைமை வடிவமைப்பாளராக இருந்த ராஃப் காஸ்டர், புல்லை முயலும் முயலை ஓநாயும் தின்று வாழும் ஓர் இயற்கைச் சக்கரத்தை உண்டாக்கிக் காடுகளில் சுழலவிட எண்ணினார். ஓநாய்க்கு இரை குறைந்தால் அது ஊர்ப்பக்கம் வரும், வந்தால் வீரர்களுக்கு வேலை கிடைக்கும் என்பது கணக்கு. குடியேறிய ஜனங்கள் முயல், ஓநாய், கரடி என்று பாராமல், கண்ணில் பட்டதையெல்லாம் பட்டவுடனே வெட்டித் தீர்த்தார்கள்; சக்கரம் ஒரு சுற்றுச் சுற்றுவதற்குள் காடு வெறுமையாயிற்று. அத்திட்டத்தையே கைவிட நேர்ந்தது.

நிலத்தின் கதையும் இதுதான். வீடு கட்ட விரும்புவோர் பத்திரம் வாங்கிக்கொண்டு, காலியாக உள்ள சமதரையில் எங்கு வேண்டுமானாலும் கட்டிக்கொள்ளலாம் என்று விதி இருந்தது; பட்டா, சர்வே எதுவும் கிடையாது. சில மாதங்களில் சாலையோரம், கடற்கரை, காட்டின் நடுத்திட்டு என்று ஒரு குடிசை போடும் இடமுங்கூட விடாமல் வீடுகள் நெருங்கிவிட்டன. பின்னால் வந்தவன், பணம் சேர்த்துப் பத்திரம் வாங்கி, அதை மடியில் வைத்துக்கொண்டு நாடெங்கும் அலைவான். ஊன்ற ஓர் அடி நிலம் இராது. கடைசியில், இல்லாத உலகத்து வீட்டை உள்ள உலகத்து டாலர் கொடுத்து, 'ஈபே' என்ற ஏலச் சந்தையில் ஒரு மூத்த குடியிடமிருந்து வாங்கினவர்கள் உண்டு. காணி இல்லாதவன் குத்தகைக்கு அலைவதைக் கண்டு வளர்ந்த நமக்கு இதில் அதிசயம் ஒன்றுமில்லை.

இனி அந்தச் சாலைகளுக்கு வருவோம். ஓர் ஊரிலிருந்து மற்றோர் ஊருக்குச் சட்டென்று போக நிலவாயில்கள் என்று சில இருந்தன. நீல ஒளி வீசும் அவற்றின் வழியே அடியெடுத்து வைப்பவன் மறுபக்கத்தில் எழுவான். எழும் இடத்தில் நாலைந்து பேர் காத்திருப்பார்கள். இவர்களைப் 'பி.கே.' என்று இரண்டெழுத்தில் சுட்டுவது அந்நாட்டு வழக்கு. ஆட்டக்காரனைக் கொல்லும் ஆட்டக்காரன் என்று பொருள். ஊருக்குள் 'கார்ட்ஸ்' என்று கூவினால் காவலர் தோன்றிக் குற்றவாளியை ஒரே வீச்சில் வீழ்த்துவார்கள். ஊர் எல்லைக்கு ஓரடி வெளியே எத்தனை கூவினாலும் வாரார்.

கம்பெனியார் சும்மா இருந்தார்கள் என்று சொல்லக்கூடாது. சட்டத்தின்மேல் சட்டமாக இயற்றிப் பார்த்தார்கள். நிரபராதியின் பெயர் நீலத்திலும், சிறு குற்றம் செய்தவன் பெயர் சாம்பலிலும், கொலைகாரன் பெயர் சிவப்பிலும் தெரியும்படி செய்தார்கள். சாம்பல் பெயரினனை எவரும் குற்றமின்றிக் கொல்லலாம் என்று வைத்தார்கள். உடனே மூத்தோர் அதைத் தூண்டிலாக மாற்றினார்கள்: ஒரு பிரேதத்தைப் பாதையில் கிடத்தி, அதன்மேல் ஒரு நல்ல வாள் தெரியும்படி வைத்து, மரத்துக்குப்பின் மறைந்திருப்பார்கள், பிறர் பிரேதத்திலிருந்து எடுப்பது குற்றம் என்று அறியாத புதியவன் வாளைத் தொட்டதும் அவன் பெயர் சாம்பலாகும், பிறகு அவனைக் கொல்வது தர்மமாகிவிடும். சட்டம் யாரைக் காக்க எழுதப்பட்டதோ அவனுக்குச் சட்டம் தெரியாது. யாரைத் தடுக்க எழுதப்பட்டதோ அவனுக்கு அதன் கால்புள்ளி அரைப்புள்ளி எல்லாம் மனப்பாடம். கோர்ட்டு வாசலில் நின்று பார்த்தவர்களுக்கு இது புரியும்.

1998-இல் கொலைக் கணக்கு ஏட்டைத் திறந்தார்கள். ஐந்து கொலை புரிந்தவன் சிவப்பாவான்; ஊருக்குள் காலெடுத்து வைக்க முடியாது; செத்து மீண்டும் எழுந்தால் அரும்பாடுபட்டு வளர்த்த வித்தைகளில் ஒரு பகுதியை இழப்பான். தண்டனை கடுமையானதுதான். ஆனால் ஒவ்வொரு கொலையின் கணக்கும் எட்டு மணி நேர ஆட்டத்தில் தேய்ந்துபோகும் என்று ஒரு மன்னிப்பும் உடன் வைத்திருந்தார்கள். சிவப்பானவர்கள், செத்தால் எழாமல் ஆவியாகவே ஒரு வீட்டு மூலையில் நின்றுகொண்டு, கணிப்பொறியை அணைக்காமல் விட்டுவிட்டு, உண்மையுலகத்தில் காலேஜுக்குப் போய்வந்தார்கள். மாலையில் பிராயச்சித்தம் முடிந்திருக்கும்.

எஸ்ஸெக்ஸின் பார்ட்டில் இவற்றையெல்லாம் ஓரளவு முன்கூட்டியே கண்டவர். 1996-இல் வெளியிட்ட கட்டுரையொன்றில் ஆட்டக்காரரைச் சீட்டுக்கட்டின் நான்கு ஜாதிகளுக்கு ஒப்பிட்டு, சாதிப்போர், ஆராய்வோர், பழகுவோர், கொல்வோர் என்று வகுத்தார். வகுத்ததோடு நில்லாமல், ஒரு வகை பெருகினால் மற்றொன்று எப்படி மெலியும் என்று ஆராய்ந்ததே அதன் சிறப்பு. கொல்வோர் பெருகினால் பழகுவோர் ஓடுவர். இரையாவோர் ஓடிவிட்டால் கொல்வோருக்கும் பொழுதுபோகாது. சக்கரம் முயலுக்கும் ஓநாய்க்கும் மட்டும் உரியதன்று.

அந்நாட்டில் நல்லவர்களே இல்லை என்ற எண்ணம் வாசகர்களுக்கு வந்துவிடக்கூடாது. நீல அங்கியணிந்து, ஊதியம் இல்லாமல், தடுமாறுவோருக்கு வழி சொல்வதற்கென்றே ஆட்டக்காரரிலிருந்து எடுக்கப்பட்ட ஆலோசகர்கள் இருந்தார்கள். கொலைகாரரை வேட்டையாடுவதையே விரதமாகக் கொண்ட சங்கங்கள் இருந்தன. வங்கி வாசலில் நின்று, புதிதாக வருபவனைக் கூப்பிட்டுத் தம் பழைய கவசத்தையும் ஒரு பை மூலிகையையும் கொடுத்து, இந்தப் பாதையில் போகாதே என்று சொல்லியனுப்பிய முதியவர்கள் இருந்தார்கள். உண்மையில், பின்னாளில் அந்நாட்டைப் பற்றி உருகி நினைப்பவர்கள் பலருக்கும் அந்தக் கவசந்தான் நினைவுக்கு வருகிறது. ஆபத்து இல்லாத இடத்தில் அக்கவசத்துக்கு அருமை ஏது என்ற கேள்வியும் கூடவே வருகிறது. அதற்கு விடை 2000-ஆம் ஆண்டில் கிடைத்தது.

அதற்கு முந்திய ஆண்டு மார்ச்சில் 'எவர்க்வெஸ்ட்' என்ற போட்டி நாடு திறந்திருந்தது; அதன் பெரும்பாலான பிரதேசங்களில் சம்மதமின்றி ஒருவரையொருவர் கொல்ல இயலாது. ஜனங்கள் அங்கே பெயரத் தொடங்கினார்கள். ஆரிஜின் கம்பெனியார் சட்டம் இயற்றுவதை விட்டுவிட்டு, உலகத்தையே இரண்டாக்கினார்கள். பிரிட்டானியாவுக்குப் பழைய கதைகளிலேயே இரண்டு நிலவுகள் உண்டு: டிரம்மல், ஃபெலுக்கா. அப்பெயர்களையே இட்டு, அதே மலை, அதே ஆறு, அதே ஊர்களோடு மற்றொரு பிரிட்டானியாவை ஈன்றெடுத்தார்கள். டிரம்மலில் ஒருவன் சம்மதமின்றி மற்றொருவன் அவனைக் கொல்ல முடியாது. பழைய நாடு ஃபெலுக்கா என்ற பெயரில் பழைய விதிகளோடு நின்றது. அங்கே மரங்களை இலையுதிர்ந்த மொட்டைக் கிளைகளாக வரைந்துவைத்தார்கள், இது அபாய பூமி என்று பார்த்தவுடன் தெரியவேண்டும் என்பதற்காக. டிரம்மல் பச்சைப்பசேலென்று இருந்தது.

சாயங்காலச் சந்தைபோல் ஜனங்கள் பச்சை நிலவுக்குப் பெயர்ந்தார்கள். புதிய நிலம், புதிய மனைகள். வீடில்லாதவர்களுக்கு வீடு கிடைத்தது. சில ஆண்டுகளில் சந்தாதாரர் தொகை, 1998-இல் இருந்த ஒரு லட்சத்தைத் தாண்டி, இரண்டரை லட்சம் வரையில் உயர்ந்தது. வியாபாரக் கணக்கில் இது மறுக்கமுடியாத வெற்றி. ஃபெலுக்காவின் நிலவாயிலருகே சிவப்புப் பெயர்கள் நாலைந்து நின்று, வருவார் எவருமின்றி, ஒன்றையொன்று பார்த்துக்கொண்டிருந்தன. அவர்களுக்காக நான் கண்ணீர் விடப்போவதில்லை. எனினும், நாட்டை இரண்டாக்கிய அன்றே வங்கி வாசலில் கவசம் கொடுத்த முதியவருக்கும் வேலை போயிற்று என்பதைக் குறிக்காமல் விட்டால் சரித்திரம் ஒருதலைப்பட்சமாகிவிடும்.

வேறு வழியில் போனவர்களும் உண்டு. ஐஸ்லாந்து தேசத்தார் 2003-இல் திறந்த 'ஈவ் ஆன்லைன்' என்ற விண்வெளி ராஜ்யத்தில் பாதுகாப்பான மறுநிலவு என்று எதுவும் இல்லை. எல்லாரும் ஒரே உலகத்தில்தான் வாழ்ந்தாகவேண்டும். வித்தைகளோ, ஆடினாலும் ஆடாவிட்டாலும், கடிகாரத்தின் ஓட்டத்திலேயே வளர்ந்துகொண்டிருக்கும். முன்னே வந்தவனை எக்காலத்திலும் எட்டிப்பிடிக்க முடியாது என்று கேட்டமாத்திரத்தில் தோன்றும். ஆனால் ஒவ்வொரு வித்தைக்கும் ஐந்தே படிகள். ஒரு சிறு கப்பலுக்கு வேண்டிய நாலைந்து வித்தைகளைச் சில வாரங்களில் படித்து முடித்தவன், அந்தக் கப்பலில் ஏறியிருக்கும்வரை பத்தாண்டுக் கிழவனோடு ஏறக்குறைய சமானம். அதைக்காட்டிலும் முக்கியம், யுத்தத்தில் அவனுக்கு ஓர் இடம் இருந்தது. பெரிய கப்பல் தப்பியோடாமல் அதன் விசையை முடக்கிப் பிடித்துவைக்க, மலிவான சிறு கப்பல் ஒன்று விரைந்து சென்று ஒட்டிக்கொள்ளவேண்டும். செத்தாலும் நஷ்டம் அற்பம். அவ்வேலையை நேற்று வந்தவனுக்குக் கொடுத்தார்கள். 2004-இல் ஆட்டக்காரர்களே 'ஈவ் யுனிவர்சிட்டி' என்று ஒரு பள்ளி வைத்துப் புதியவர்களுக்குப் பாடம் சொல்லத் தலைப்பட்டார்கள். கம்பெனி கட்டாத பள்ளிக்கூடம் அது. யானையைப் பிடிக்க எறும்பு தேவைப்படும் நாட்டில் எறும்பை எவரும் மிதிக்கத் துணியார். என் அபிப்பிராயத்தில், இத்துறையில் கண்ட உபாயங்களுள் இதுவே உத்தமமானது.

மற்றையோர் கணிதத்தை நாடினார்கள். ஹங்கேரியில் பிறந்து அமெரிக்காவில் பௌதிகம் போதித்த அர்பாட் ஈலோ, சதுரங்க ஆட்டக்காரர்களை அளக்க வகுத்த எண்முறையை அமெரிக்கச் சதுரங்க சங்கம் 1960-இலும் உலக சங்கம் 1970-இலும் ஏற்றிருந்தன. அதன் வழிவந்த முறைகளைக்கொண்டு, சமபலமுள்ளோரைத் தேடிக் கோத்துவிடும் வேலையைக் கணிப்பொறியே ஏற்றது. மூத்தோர் இதற்கும் ஒரு வழி வைத்திருந்தார்கள். 1996-லேயே, 'வார்கிராஃப்ட்' ஆட்டத்தில் தங்கள் பெயரைக் கண்டதும் எவரும் எதிரே அமர மறுக்கவே, இரண்டு வல்லவர்கள் 'ஸ்மர்ஃப்' என்ற கார்ட்டூனின் பாத்திரப் பெயர்களைச் சூட்டிக்கொண்டு, ஒன்றுமறியாதவர்போல் நுழைந்து ஜெயித்தார்கள். புதியவன் வேஷத்தில் வரும் பழையவனுக்கு இன்றளவும் ஸ்மர்ஃப் என்றே பெயர்.

பிரளயமும் திரும்பி வந்துவிட்டது. பப்ஜி போன்ற ஆட்டங்களில் நூறு பேர் வெறுங்கையோடு வானிலிருந்து குதிக்கிறார்கள். அரைமணி நேரத்தில் ஒருவர் மிஞ்ச, உலகம் அழிந்து மறுபடி பிறக்கிறது. வீடு இல்லை, நிலம் இல்லை, சேர்த்த தங்கம் இல்லை. மிஞ்சுவது கைப்பழக்கம் ஒன்றே. ஆனால் அந்த ஒன்றே போதும், புதியவனை இறங்கிய இடத்திலேயே வீழ்த்த. ஆகையால் அவனுடைய முதல் சில ஆட்டங்களில், மனிதரைப்போல் பெயர் சூட்டிய பொம்மை வீரர்களைக் கூட்டமாக நிரப்பி, அவன் சுடுவதற்கென்றே நிறுத்திவைக்கிறார்கள்.

2019-ஆம் ஆண்டுக் கோடை விடுமுறையில் எங்கள் பக்கத்து வீட்டுப் பையன், தன் தாயாரின் செல்பேசியில் இதைப் பதிவிறக்கம் செய்து, ஆடிய இரண்டாம் நாளே 'சிக்கன் டின்னர்' அடித்துவிட்டதாகத் திண்ணைக்கு ஓடிவந்தான். பதினாலு பேரைச் சுட்டானாம். திரையை நான் சற்று நேரம் பார்த்தேன். எதிரிகள் வைக்கோல் பொம்மைகளைப்போல் நடுவயலில் அசையாமல் நின்று, இவன் குறிபார்த்து முடிக்கும்வரை பொறுத்திருந்து, பிறகு விழுந்தார்கள். ஒன்றும் சொல்லாமல் தட்டிக்கொடுத்து அனுப்பினேன். பத்து நாள் கழித்து மாடிப்படியில் உட்கார்ந்திருந்தவனை எட்டிப் பார்த்தபோது, அவன் பாராசூட்டிலிருந்து இறங்கி ஒரு வீட்டுக்குள் ஓடிக்கொண்டிருந்தான். காதுக்கருவியில் யாரோ படியேறும் சத்தம் கேட்டது போலும், தலையை ஒரு பக்கமாகச் சாய்த்தான். துப்பாக்கியைத் திருப்புவதற்குள் திரை மங்கிவிட்டது. வருத்தப்படுவான் என்று நினைத்தேன்.

"பாத்தீங்களா மாமா!" என்றான், கண்கள் விரிய. "இப்பத்தான் நெஜ ஆளுங்க வராங்க!"

பிறகு, சார்ஜ் குறைந்துவிட்டது என்று வயரைத் தேடிக்கொண்டு உள்ளே ஓடினான்.